யாருடைய ‘வரலாற்று நீர்ப்பரப்பு’? பாக் விரிகுடாவில் கோடு விழுந்தது குறித்துச் சில குறிப்புகள்

கச்சத்தீவு பற்றித் தமிழில் இதுவரை அச்சான தாள்களை விரித்துப் போட்டால் அந்தத் தீவே மூடிப்போகும். சுமார் 285 ஏக்கர். குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது. ஓர் அந்தோணியார் கோயில், வருஷத்துக்கு ஒரு திருவிழா. எழுதியவர்களில் அநேகம்பேர் தீவைப் பார்த்தார்களே தவிர அதைச் சுற்றிக் கிடக்கிற கடலைப் பார்க்கவில்லை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நமது அரசியல் சொல்லாடலில் மண்ணுக்கு இருக்கும் இடம் தண்ணீருக்கு இல்லை. மண்ணை இழக்கலாம், மீட்கலாம், மண்ணின் மைந்தனாகலாம். கடலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்கு நெய்தல் என்றால் இரங்கல். அப்படி எழுதினால் பரீட்சையில் மார்க் உண்டு. மீன் பிடிக்கிறவனின் உரிமை என்ன, அதை யார் எந்தத் தாளில் எழுதிக்கொடுத்துவிட்டார்கள் என்கிற கேள்வி இலக்கண வகுப்பிலும் வராது, பொதுக்கூட்ட மேடையிலும் வராது.

1974இலும் 1976இலும் இந்தியாவும் இலங்கையும் பங்கிட்டுக்கொண்டது பிரதானமாகக் கடலை. தீவு அந்தப் பாகப்பிரிவினையில் ஓர் உருப்படி. எனவே சேதுபதிகளின் பட்டயங்களிலிருந்து தொடங்குகிற வழக்கத்தை விட்டுவிட்டு, 1974 ஒப்பந்தத்தின் தலைப்பிலேயே இருக்கும் ஒரு சொற்சேர்க்கையிலிருந்து தொடங்கலாம் என்று தோன்றுகிறது. ‘வரலாற்று நீர்ப்பரப்பு’ என்கிறது ஒப்பந்தம். யாருடைய வரலாறு?

ஐரோப்பியர் உருவாக்கிய சர்வதேசச் சட்டத்தின் மூலநூல்களில் நமது கடல்கள் அடிக்கடி தலைகாட்டுகின்றன. 1603இல் சிங்கப்பூருக்கு அருகே ‘சாந்தா கத்தரினா’ என்ற போர்த்துக்கீசியக் கப்பலை டச்சுக்காரர்கள் பிடித்தார்கள். சரக்கு ஆம்ஸ்டர்டாமில் ஏலம் போயிற்று. இந்தக் கொள்ளையை நியாயப்படுத்துவதற்காக ஹியூகோ குரோஷியஸ் எழுதிய நீண்ட வாதத்தின் ஓர் அத்தியாயம்தான் 1609இல் ‘சுதந்திரக் கடல்’ என்ற தனிநூலாக வெளிவந்தது. கடல் யாருக்கும் சொந்தமாக முடியாது என்றார். நாலு வருஷம் கழித்து, 1613இல், அப்படியானால் வாசனைத் தீவுகளில் எங்களை ஏன் வியாபாரம் செய்ய விடமாட்டேன் என்கிறீர்கள் என்று ஆங்கிலேயர் அதே நூலைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, லண்டனுக்குப் போய் டச்சு ஏகபோகத்துக்கு வக்காலத்து வாங்கியவரும் இதே குரோஷியஸ்தான்.

1950களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் சர்வதேசச் சட்டம் கற்பித்த அலெக்ஸாண்ட்ரோவிச் என்ற போலந்து நாட்டு அறிஞர் இந்தக் கதையை வேறு பக்கம் திருப்பினார். ஐரோப்பியர் வருமுன்பே இந்தியப் பெருங்கடலில் தடையில்லாத கடற்போக்குவரத்து வழக்கமாக இருந்தது, குரோஷியஸின் வாதத்துக்கு அதுவும் ஆதாரம் என்பது 1967இல் வெளிவந்த அவரது நூலின் வாதம். கீழைத் தேசத்துப் பெருமை தேடியவர்களுக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. முக்கியமான ஆய்வுதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் பேசுவதும் கப்பல்களின் கடல். மன்னர்கள், துறைமுகங்கள், வணிகர்கள். தோணியில் வலை வைத்துக்கொண்டிருப்பவன் அதிலும் இல்லை.

கப்பலுக்குக் கடல் சுதந்திரம் என்று சொன்ன அதே சட்டம், கடலின் அடியில் காசு கிடக்கிறது என்று தெரிந்ததும் பேச்சை மாற்றிக்கொண்டது. கரைக்கடலின் வளத்தை ஓர் அரசு சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்பதற்கு 1758இல் வாட்டெல் காட்டிய உதாரணங்களில் ஒன்று பஹ்ரைன் முத்துக்குளிப்பு, மற்றது இலங்கை முத்துக்குளிப்பு. 1811இல் இலங்கையின் ஆங்கிலேய அரசு, முத்துப்பார்களின் மீது வேலையில்லாமல் சுற்றும் படகுகளைப் பறிமுதல் செய்யலாம் என்று ஒழுங்குவிதி போட்டது. பார் இருப்பது கரையிலிருந்து மூன்று மைலுக்கு வெகு அப்பால் என்பது பற்றி யாரும் கவலைப்படவில்லை.

நம் பக்கத்தில் இதற்கு ஜோடியாக ஒரு சங்கு வழக்கு உண்டு. சென்னை உயர்நீதிமன்றத் தீர்ப்புகளின் 1904ஆம் வருஷத் தொகுதியில் அன்னக்குமாரு பிள்ளை எதிர் முத்துபாயல் என்று பதிவாகியிருக்கிறது. இராமநாதபுரம் ராஜாவிடம் குத்தகை எடுக்கப்பட்ட சங்குப் பாரில் சிலர் இறங்கிச் சங்கு எடுத்துவிட்டார்கள். இது திருட்டா? கடலில் திரியும் மீன் யாருடைய உடைமையும் அல்ல. சங்கு அப்படி அல்ல, ஒரே இடத்தில் கிடக்கிறது. சரி, அந்த இடம் கரையிலிருந்து ஐந்து மைல் தள்ளி இருக்கிறதே? இங்கேதான் நீதிமன்றம் சர்வதேசச் சட்டத்துக்குள் போகிறது. பாக் விரிகுடாவின் சுற்றளவில் பெரும்பகுதி மாட்சிமை தங்கிய மன்னரின் நிலத்தால் சூழப்பட்டது. காலங்காலமாக அதன் அடித்தளம் இங்குள்ள அரசர்களின் அனுபவத்தில் இருந்துவந்தது. ஆகவே அது திறந்த கடல் அல்ல, மன்னரின் ஆட்சிப்பகுதி. சங்கு எடுத்தது திருட்டுதான்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு கடலடிக்குப் போய் வந்த சில குளியாட்களைத் திருடர்கள் என்று சொல்வதற்காகவே பாக் விரிகுடா ‘வரலாற்று’க் கடலாக ஆக்கப்பட்டது. பின்னால் சர்வதேசச் சட்ட நூல்கள் வரலாற்று விரிகுடா என்பதற்கு உதாரணமாக எடுத்துக்காட்டியது இந்தத் தீர்ப்பைத்தான். அதாவது அந்தச் சொற்சேர்க்கையில் உள்ள வரலாறு குத்தகை வாங்கினவர்களின் வரலாறு. குளித்தவர்களுடையது இல்லை. (ராமேஸ்வரம் தீவில் இந்தக் கடலுக்கு வடகடல், அந்தப் பக்கத்துக்குத் தென்கடல் என்றுதான் பேர். பாக் என்பவர் 1763 முதல் 1767 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஓர் ஆங்கிலேயர்.)

1921இல் சென்னை மாகாண அதிகாரிகளும் இலங்கை அதிகாரிகளும் கொழும்பில் உட்கார்ந்து மீன்பிடி எல்லை ஒன்றைப் பேசினார்கள். கச்சத்தீவுக்கு மூன்று மைல் மேற்கே கோடு போடலாம் என்று முடிவாயிற்று. தீவின் உரிமையை இது பாதிக்காது என்று சென்னைத் தரப்பு ஒரு வாலை ஒட்டிவைத்தது. லண்டன் ஒப்புதல் தரவேயில்லை. ஒரே முடியின் கீழ் இருந்த ரெண்டு இலாகாக்களின் தகராறு அது; அவசரம் யாருக்கும் இல்லை.

1945 செப்டம்பரில் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன் கண்டத்திட்டின் எண்ணெய் எங்களுடையது என்று பிரகடனம் செய்த பிறகு நிலைமை மாறியது. வல்லரசு ஒன்று கடலடியை வேலி போட்டுக்கொண்டால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? 1947இல் சிலியும் பெருவும் 200 கடல்மைல் கேட்டன. 1952இல் ஈக்வடாரும் சேர்ந்துகொள்ள, மூன்றும் சாந்தியாகோ பிரகடனத்தில் கையெழுத்திட்டன. தங்கள் கரைக்கு எதிரே வடதேசத்துக் கப்பல்கள் வந்து திமிங்கிலத்தையும் சூரையையும் வாரிக்கொண்டு போவதைத் தடுக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருந்தது. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் சட்ட ஆலோசனைக் குழு 1971இல் கொழும்பிலும் 1972இல் லாகோஸிலும் கூடியபோது கென்யா இதற்கு ஒரு வடிவம் கொடுத்தது. அதுதான் இன்று பிரத்தியேகப் பொருளாதார மண்டலம் எனப்படுவது. காலனியாதிக்கத்திலிருந்து வெளியே வந்த தேசங்கள் பழைய ‘சுதந்திரக் கடல்’ கோட்பாட்டின் முகத்திரையைக் கிழித்த தருணம் அது என்று சொன்னால் மிகையில்லை.

அந்தப் பெரிய நாடகத்தில் கொழும்புக்கு முக்கியப் பாத்திரம். ஐ.நா.வின் கடலடிக் குழுவுக்குத் தலைவராக இருந்தவர் இலங்கைத் தூதர் ஷெர்லி அமரசிங்க. மூன்றாவது கடற்சட்ட மாநாட்டின் தலைவரும் அவரே. 1980இல் இறக்கும்வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். மாநாட்டின் முதல் பெரிய அமர்வு 1974 ஜூன் 20 அன்று காரகாஸில் தொடங்கியது. கடல் மனிதகுலத்தின் பொதுச்சொத்து, ஏழை நாடுகளுக்கு நீதி வேண்டும் என்றெல்லாம் அங்கே பேச்சு நடந்துகொண்டிருந்தது. தொடங்கிய ஆறாம் நாள், ஜூன் 26, கொழும்பில் சிறிமாவோ பண்டாரநாயக்க ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். ஜூன் 28 தில்லியில் இந்திரா காந்தி போட்டார். பாக் நீரிணையிலிருந்து ஆதாம் பாலம் வரை ஆறு புள்ளிகள், ஒரு கோடு. கச்சத்தீவுக்குச் சுமார் ஒரு மைல் மேற்கே அது இறங்கியது.

இந்த இரண்டு பெண்மணிகளும் அதே வருஷம் ஜனவரியில் இன்னொரு கணக்கையும் முடித்திருந்தார்கள் என்பதை நினைவுபடுத்துவது அவசியம். 1964 ஒப்பந்தத்தில் மலையகத் தமிழரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தபோது 1,50,000 பேர் மீதி நின்றார்கள். 1974 ஜனவரியில் அவர்களை ஆளுக்கு 75,000 என்று பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆறு மாதத்துக்குள் ஆட்கள், பிறகு கடல். ரெண்டிலும் பிரிக்கப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. ஒரே அளவுகோல், ஒரே பென்சில்.

தில்லிக்குக் காரணங்கள் இருந்தன. 1971 யுத்த வருஷத்தில் பாகிஸ்தான் விமானங்கள் கொழும்பில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போனதை அது மறக்கவில்லை. 1974 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தாயிற்று. அண்டை வீட்டாரின் முகம் கோணாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய நேரம். டீகோ கார்சியாவில் அமெரிக்கத் தளம் வளர்ந்துகொண்டிருந்தது. இந்தியப் பெருங்கடலைச் சமாதான மண்டலமாக்க வேண்டும் என்று ஐ.நா.வில் முன்மொழிந்த இலங்கையைத் தன் பக்கம் வைத்துக்கொள்வது வெளியுறவுக் கொள்கையில் புத்திசாலித்தனம்தான். தேசிய அரசு என்கிற கோணத்திலிருந்து பார்த்தால் இதில் குறைகூற அதிகமில்லை. குறை அந்தக் கோணத்தில் இருக்கிறது.

ஒப்பந்தத்தின் 5ஆவது பிரிவு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் இதுவரை போலவே விசா இல்லாமல் கச்சத்தீவுக்குப் போகலாம் என்கிறது. 6ஆவது பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் மற்றவர் நீர்ப்பரப்பில் பாரம்பரியமாக அனுபவித்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்கிறது. ‘கலங்களின் உரிமை’ என்றால் போய்வருகிற உரிமையா, வலை வீசுகிற உரிமையா? எழுதியவர்களுக்குத் தெரியாமலா இருக்கும். ஜூலையில் வெளியுறவு அமைச்சர் ஸ்வரண்சிங் நாடாளுமன்றத்தில் மீன்பிடி உரிமை, யாத்திரை உரிமை, கப்பல் போக்குவரத்து மூன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளன என்றார். கொழும்பின் வாசிப்பு வேறாக இருந்தது: போய் வலை காயப் போடலாம், மீன் பிடிக்க முடியாது. தமிழகச் சட்டமன்றம் ஆகஸ்டில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டது. அதோடு சரி.

உண்மையான கத்தி விழுந்தது 1976 மார்ச் 23 அன்று. மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் எல்லை வகுக்கும் இரண்டாவது ஒப்பந்தம் அன்று கையெழுத்தாயிற்று. கூடவே இந்திய வெளியுறவுச் செயலர் கேவல்சிங்கும் இலங்கைச் செயலர் ஜயசிங்கவும் கடிதங்கள் பரிமாறிக்கொண்டார்கள். ஒரு நாட்டு மீன்பிடிக் கலங்களும் மீனவரும் மற்ற நாட்டின் வரலாற்று நீர்ப்பரப்பிலோ ஆட்சிக்கடலிலோ பொருளாதார மண்டலத்திலோ வெளிப்படையான அனுமதியின்றி மீன் பிடிக்கக் கூடாது என்று அந்தக் கடிதம் சொல்கிறது. அன்றைக்கு நெருக்கடி நிலை. தி.மு.க. ஆட்சி ஜனவரி 31 அன்றே கலைக்கப்பட்டிருந்தது. தீர்மானம் போடக்கூடச் சட்டமன்றம் இல்லை. இன்னும் பார்க்கப்போனால், கடிதம் எழுதிய நாளில் இந்தியாவுக்குப் பொருளாதார மண்டலமே கிடையாது. அதற்கான அரசியல் சட்டத் திருத்தம் மே மாதம் வந்தது, கடல் மண்டலச் சட்டம் ஆகஸ்டில் வந்தது, மண்டலம் நடைமுறைக்கு வந்தது 1977 ஜனவரி 15 அன்று. சர்வதேச உடன்படிக்கையோ 1982இல்தான் முடிவடைந்தது. காரகாஸில் இன்னும் எழுதி முடிக்காத சட்டத்தை வைத்துக்கொண்டு பாம்பன்காரனின் கடலை அடைத்தாகிவிட்டது.

இலங்கை சும்மா வாங்கிக்கொண்டு போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கன்னியாகுமரிக்குத் தெற்கே இருக்கும் வாட்ஜ் திட்டு நல்ல மீன்வளம் உள்ள இடம். இலங்கைக் கலங்கள் நெடுங்காலம் அங்கே மடி இழுத்துவந்தன. அது இந்தியாவுக்குப் போயிற்று. மூன்று வருஷத்துக்கு ஆறு கலங்கள், வருஷத்துக்கு 2,000 டன்னுக்கு மிகாமல், அப்புறம் கிடையாது என்று கடிதமே கணக்குச் சொல்கிறது. கச்சத்தீவைத் ‘தாரைவார்த்தது’ பற்றிப் பேசுகிறவர்கள் வாட்ஜ் திட்டு பற்றி வாய் திறப்பதில்லை. தாரைவார்த்தல் என்று சொன்னால்தான் கண்ணீர் வரும். பண்டமாற்று என்றால் வராது.

சரி, இப்போது சட்டம் என்ன செய்கிறது? 1982 உடன்படிக்கையின் 73ஆவது பிரிவில் மீனவருக்குச் சாதகமான ரெண்டு வரிகள் உண்டு. பொருளாதார மண்டலத்தில் மீன்பிடிச் சட்டத்தை மீறிப் பிடிபட்ட அயல்நாட்டுக் கலத்தையும் ஆட்களையும் நியாயமான பிணை கட்டியதும் உடனே விட்டுவிட வேண்டும். இரு நாடுகளும் வேறுவிதமாக ஒத்துக்கொண்டிருந்தாலொழிய அவர்களுக்குச் சிறைத்தண்டனை கூடாது. இந்தியா, இலங்கை இரண்டுமே இதை ஏற்றுக்கொண்ட நாடுகள். அப்படியானால் யாழ்ப்பாணச் சிறையிலும் வவுனியாச் சிறையிலும் நம்மாட்கள் எப்படி இருக்கிறார்கள்? ஏனென்றால் அது பொருளாதார மண்டலமே இல்லை. 1977இல் இலங்கை வெளியிட்ட பிரகடனம் பாக் விரிகுடாவின் வரலாற்று நீர்ப்பரப்பைத் தன் உள்நாட்டு நீர்ப்பரப்பு என்கிறது. உள்நாட்டு நீர் என்றால் ஏரி, குளம் மாதிரி. 73ஆவது பிரிவு அங்கே எட்டாது. நூறு வருஷத்துக்கு முன்னால் சங்கு எடுத்தவனைத் திருடனாக்கிய அதே சொல், இன்று இறால் பிடிக்கப் போனவனுக்கு உடன்படிக்கை தரும் குறைந்தபட்சப் பாதுகாப்பையும் இல்லாமல் செய்கிறது.

கோடு விழுந்தால் வழக்கம் செத்துப்போகும் என்பது இயற்கை விதி ஒன்றுமில்லை. எரித்திரியாவும் யேமனும் செங்கடலில் ஹனிஷ் தீவுகளுக்காக 1995இல் சண்டை போட்டுக்கொண்டன. நடுவர் மன்றம் 1998இல் முக்கியமான தீவுகளை யேமனுக்குக் கொடுத்தது. கொடுத்துவிட்டு, இரு கரை மீனவரும் அங்கே காலங்காலமாக மீன் பிடித்ததும், தங்கியதும், எதிர்க்கரைச் சந்தையில் விற்றதும் தொடர வேண்டும் என்றது. நிலத்தின் மீதான முழு இறையாண்மை என்கிற மேற்கத்தியக் கருத்து அந்தப் பகுதியின் இஸ்லாமிய சட்ட மரபுக்கு அந்நியமானது என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. 1999இல் கடல் எல்லைக் கோட்டையும் அதே மன்றம் வரைந்தது. இந்த உரிமையைக் கோடு கட்டுப்படுத்தாது என்று தெளிவாகவே எழுதியது. 2016இல் தென்சீனக் கடல் வழக்கிலும் ஸ்கார்பரோ திட்டைச் சுற்றியுள்ள ஆட்சிக்கடலில் பிலிப்பைன்ஸ், சீனா இரு நாட்டுப் பாரம்பரிய மீனவருக்கும் உரிமை உண்டு, தீவு யாருடையது என்பது அதற்குத் தேவையில்லை என்று தீர்ப்பாயிற்று. அரசுக்கு உரியதாக அல்லாமல் மீனவருக்கே உரிய உரிமையாக அது பார்க்கப்பட்டது.

இதைப் படித்ததும் நம்மூர் மேடைக்காரர்கள் துள்ளிக் குதிப்பார்கள். கொஞ்சம் பொறுக்க வேண்டும். செங்கடல் தீர்ப்பு இன்னொன்றும் சொல்கிறது. கைத்தொழில் மீன்பிடிப்பு என்றால் பழைய பாய்மரத்தோடு உறைந்து நிற்க வேண்டும் என்றில்லை, சிறு படகில் இயந்திரம் மாட்டலாம், தொழில்நுட்பம் மாறலாம். ஆனால் பெருவீதத் தொழில்முறை மீன்பிடிப்புக்கு இந்த உரிமை கிடையாது. ராமேஸ்வரத்திலிருந்து கோட்டைத் தாண்டுவது பெரும்பாலும் இழுவை மடி போடும் விசைப்படகு. கடலடியைப் பெருக்கித் துடைத்து எடுத்து வருகிற படகு. இறால் ஏற்றுமதிக்காக அரசே மானியம் கொடுத்து 1960களிலிருந்து வளர்த்துவிட்ட ஒரு தொழில், பாரம்பரியம் என்ற பெயரில் உரிமை கேட்கிறது. தமிழ்நாட்டு மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983, அதைக் கரையிலிருந்து மூன்று கடல்மைலுக்குள் வரக்கூடாது என்கிறது. இந்தப் பக்கம் மூன்று மைல், அந்தப் பக்கம் 1974 கோடு. நடுவில் இருப்பதை அரித்துத் தீர்த்தாயிற்று.

அந்தப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? சிங்களக் கடற்படை என்று மட்டும்தான் நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. 1983க்குப் பிறகு அந்தக் கடற்படை நம் மீனவர்களைச் சுட்டது உண்மை. அதற்கு எந்த நீதிமன்றத்திலும் கணக்குத் தீர்க்கப்படவில்லை. 2012இல் கேரளக் கடலில் இத்தாலியக் கடற்படையினர் ரெண்டு மீனவரைச் சுட்டது ஹேக் நகரம் வரை போய் 10 கோடி ரூபாய் இழப்பீட்டில் முடிந்தது. பாக் விரிகுடாவில் செத்தவர்களுக்காகத் தில்லி எந்த ஹேக்குக்கும் போகவில்லை. இதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மன்னார், யாழ்ப்பாணம், முல்லைத்தீவுக் கரையில் இருப்பவர்கள் தமிழ் மீனவர்கள். யுத்தம் முடியும்வரை கால் நூற்றாண்டு அவர்களைக் கடலில் சரியாக இறங்க விடவில்லை. 2009க்குப் பிறகு கடன் வாங்கி வலை வாங்கித் தொழிலுக்குப் போனால், இரவில் இந்தப் பக்கத்து மடிப்படகு வந்து வலையை அறுத்துக்கொண்டு போகிறது. 2017இல் இலங்கை நாடாளுமன்றம் இழுவை மடியைத் தடை செய்தபோது அந்த மசோதாவைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தவர் வடக்கின் தமிழ் உறுப்பினர் சுமந்திரன். தொப்புள்கொடி உறவு பற்றி உருகுகிறவர்கள் இந்தச் செய்தியை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழிக்கிறார்கள்.

கடலுக்கு எல்லையே இல்லை என்று மீனவர்கள் நம்புவதாக நாம் எழுதுவதும் ஒரு நகரத்துக் கற்பனைதான். பழவேற்காட்டு ஏரியில் பாடு முறை இருக்கிறது. எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை வைப்பது என்று சீட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். ராமேஸ்வரத்திலேயே வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நாலு நாள் நாட்டுப்படகு என்ற ஏற்பாடு அடிதடிக்குப் பிறகு வந்தது. இவையும் கடற்சட்டம்தான். இவற்றில் கோடு உண்டு; ஆனால் நாளைப் பொறுத்து, வலையைப் பொறுத்து, பருவத்தைப் பொறுத்து நகர்கிற கோடு.

2010 ஆகஸ்டில் வடஇலங்கை மீனவப் பிரதிநிதிகள் தமிழகம் வந்து இங்குள்ள மீனவர் சங்கங்களோடு உட்கார்ந்து பேசினார்கள். கடுமையான பேச்சு. கடைசியில், விசைப்படகுகள் ஒரு வருஷத்துக்கு மட்டும், அதுவும் 70 நாள், கரையிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளி அந்தப் பக்கம் பிடிக்கலாம், அதற்குள் இழுவை மடியை விட்டுவிட வேண்டும் என்று ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். 1974இலிருந்து இந்தக் கடலைப் பற்றி எழுதப்பட்ட தாள்களில் அதில் தொழில் செய்கிறவர்களே பேசி எழுதியது இது. தில்லியும் கொழும்பும் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அடுத்த வருஷமும் படகுகள் போயின. கேவல்சிங்கின் கடிதம் அமலில் இருக்கிறது.